சனிக்கிழமை மூச்சு

"ஆறுக்கு நாலு" என்றார் டாக்டர் கண்ணகி, காதிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டே.

பட்டாபி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் உட்காரும் நாற்காலிக்கு முதுகு தேவையே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர். எதிரே வந்து நின்றவர்களெல்லாம் குனிந்தே பழகியதால், இவர் குனிய வேண்டிய அவசியம் வந்ததில்லை.

"பரவாயில்லையே. நூத்துக்கு அறுபத்தாறு. முதல் வகுப்பு" என்றார்.

"இந்தப் பரீட்சையில குறைச்சலா வாங்குறவங்கதான் சார் பாஸ். இதயத்துல கேக்கற இரைச்சலுக்குத்தான் இந்த மார்க். ஒண்ணுன்னா உன்னிப்பாக் கேக்கணும். ஆறுன்னா குழாயே வேண்டாம்."

மேஜைமேல் நின்ற நியூட்ரான் தன் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல், பட்டாபியின் மருமகள் ரக்ஷாவின் கைக்கடிகாரத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஆறு கிலோ எடை, பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளை உடம்பு, முதுகின்மேல் சுருண்டு விழும் வால். பத்து வயது. ரக்ஷாவின் தகப்பனார் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. குட்டி வீட்டுக்கு வந்த அன்று புருஷன் பக்கமும் சேராமல் பெண்டாட்டி பக்கமும் சேராமல் நடுக்கூடத்தில் படுத்ததாம். அதனால் அந்தப் பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரக்ஷா கல்யாணமாகி மாமல்லபுரம் வந்தபோது நாயும் கூடவே வந்தது. பட்டாபியின் மருமகள் சீராக நாயைக் கொண்டுவந்தாள் என்று சன்னிதித் தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை. நாயின் பெயரையும் அவர் வாயால் சொன்னதில்லை. 'அந்தப் பிராணி' என்பார்.

பத்ரி, அவருடைய ஒரே பிள்ளை, ஆபீஸ் வேலையாக ஆறு மாதமாக அமெரிக்காவில் இருந்தான். அதனால்தான் அந்த ஆவணிச் செவ்வாய்க்கிழமை, மருமகளைத் தனியாக அனுப்பக் கூடாதென்று, சாலமோனின் டாக்சியில் செங்கல்பட்டு வரை அவரே துணைக்கு வந்திருந்தார். நாய்க்காக வரவில்லை. அதைக் கிளம்பும்போது மூன்று தடவை சொல்லிவிட்டார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். ஒரு காகிதத் துண்டை இதயத்தின் நீளத்துக்கு வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். அகலத்துக்கும் அப்படியே. பிறகு அந்தத் துண்டை அதே படத்தில் முதுகெலும்பின் மேல் வைத்து ஒவ்வொரு கணுவாக எண்ணினார்.

"ரெண்டும் சேர்ந்து பத்தரைக் கணுவுக்குள்ள அடங்கணும். இவனுக்குப் பன்னெண்டு வருது. இடது பக்கம் உப்பிப்போய் மூச்சுக்குழாயைத் தள்ளுது. அதான் இருமல்."

இந்த முறை பட்டாபிக்குப் பிடித்திருந்தது. ஊரிலுள்ள நாய்க்கெல்லாம் ஒரே அளவுகோல் வைக்காமல், அதனதன் முதுகெலும்பைக் கொண்டே அதனதன் இதயத்தை அளப்பது நியாயமாகப் பட்டது.

"கதவு மாதிரி ஒரு வால்வு. அது தடிச்சுப் போய்ச் சரியா மூடலை. ரத்தம் பின்னாடி ஒழுகுது" என்று டாக்டர் தொடர்ந்தார். "இதுல மூணு படி வெச்சிருக்கோம். முதல் படியில இரைச்சல் மட்டும் இருக்கும், நாய்க்கே தெரியாது. ரெண்டாம் படியில நடந்தா இளைக்கும், இருமும். மூணாம் படின்னா சும்மாப் படுத்திருக்கும்போதே மூச்சு முட்டும். இவன் ரெண்டுல இருக்கான்."

ரக்ஷா மெதுவாகக் கேட்டாள். "எவ்வளவு நாள் டாக்டர்?"

"இன்னிக்கே சொன்னா அது ஜோசியம். நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை, இதயத்தோட பாரத்தைக் குறைக்க ஒரு மாத்திரை. அதுக்கு இவன் எப்படி அடங்கறான்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். நல்லாத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கறது ஒரு மூச்சு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு தினம் எண்ணி எழுதுங்க. முப்பதுக்குள்ள இருந்தா நிம்மதியாத் தூங்கலாம். தாண்டினா நுரையீரல்ல தண்ணி சேருதுன்னு அர்த்தம். முக்கியமா, உப்பு ஆகாது. உப்பு தண்ணியைப் பிடிச்சு வெக்கும்."

"எழுதறதை நான் பாத்துக்கறேன்" என்றார் பட்டாபி. "அவ காலம்பற ஏழரைக்கு நாவலூர் பஸ்ஸைப் பிடிச்சா ராத்திரிதான் வரா. எழுதறதுன்னு வந்தா அதுக்கு ஒரு முறை இருக்கு."

வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்த சாலமோன் எக்ஸ்ரே கவரைப் பார்த்து வாயைப் பிளந்தான். "இன்னா ஐயரே, நாய்க்கே ஹார்ட்டா? எங்க நைனா நெஞ்சைப் புடிச்சினு உக்காந்தாரு, அவுருக்குக் கூட இத்தினி போட்டோ எடுக்கல."

"ஐயர் இல்லை, ஐயங்கார். எத்தனை தரம் சொல்றது?"

"நெத்தில கோடு மேல போவுதா குறுக்க போவுதா, அவ்ளோதானே சாமி? நீ ஏறு."

அன்று மாலையே பட்டாபி ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டார். தேதி, கிழமை, நேரம், மூச்சு, இருமல், மாத்திரை. கடைசிக் கட்டம் டாக்டர் சொல்லாதது, அவரே சேர்த்தது: 'உப்பு'. அதில் தினமும் 'இல்லை' என்று எழுதி, வரிக்கு வரி சுருக்கொப்பம் இட்டார். மதியம் மூன்று மணிக்கு நாய் கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே தூங்கும். அவர் நாற்காலியில் அமர்ந்து, இடது கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு எண்ணுவார். கனவில் கால் உதறினால் அந்த எண்ணிக்கை செல்லாது என்று மறுபடி எண்ணுவார்.

இருபத்திநாலு. இருபத்தைந்து. இருபத்துமூன்று. மாத்திரை வேலை செய்தது.

சனிக்கிழமை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவிலிருந்த பெருமாள் கோயிலில் சனிக்கிழமைக் கட்டளை பட்டாபியின் குடும்பத்துடையது. அன்றைய பூஜைச் செலவு முழுக்க இவர்கள் பொறுப்பு; அவருடைய கொள்ளுத் தாத்தா ஏற்படுத்தியது. மதியம் பெருமாளுக்குத் தளிகை ஆனதும் முதல் தீர்த்தம் இவருக்கு, வாழையிலையில் அச்சு வைத்துத் தட்டிய ஒரு பெரிய பட்டை புளியோதரையும் இவர் வீட்டுக்கு. அந்தப் பட்டையை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்து வருவதைப் பார்த்தால் ஏதோ சாசனத்தைக் கொண்டுவருவது போலிருக்கும். நாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் கூடத்தில் நின்று, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி, ஒரு சட்டம் போட்டிருந்தார். "பெருமாள் பிரசாதத்துல ஒரு பருக்கை அந்தப் பிராணி வாய்க்குப் போச்சுன்னா, அப்புறம் இந்த ஆத்துலே எனக்கு என்ன வேலை?"

அந்தச் சட்டத்தை மீறியவர் ஒரே ஒருவர்தான். அது பட்டாபி.

நடந்தது என்னவென்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லோரும் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கட்டளையை விட்டுவிட்டுப் போகக்கூடாதென்று இவர் மட்டும் வீட்டில். தனியாக இலை போட்டுச் சாப்பிட்டார். நாய் நாலு அடி தள்ளி உட்கார்ந்தது. குழையவில்லை, முனகவில்லை, காலைப் பிறாண்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவே ஒரு தடவை இலையைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு வெட்கப்பட்டதுபோல மறுபடியும் சுவரைப் பார்த்தது. 'கேட்டு வாங்கறதை கௌரவக் குறைச்சலா நினைக்கறது' என்று அவருக்குத் தோன்றியது. தன் வீட்டில் தன்னைப் போலவே ஒரு ஜீவன் இருப்பதை அன்றுதான் கவனித்தார்.

கொல்லைப்புறம் குழாயடியில், ஒரு பாதாம் இலையில், ஓர் உருண்டை. "சாப்பிடுடா குழந்தே" என்று அவர் சொன்னதை அந்தப் பாதாம் மரம் மட்டும் கேட்டது.

அதிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை. புளியோதரை கெடாது என்பதால் ஞாயிறும் திங்களும் கூட ஒவ்வொன்று.

உப்பு ஆகாதென்று டாக்டர் சொன்ன பிறகும் இது ஏன் நிற்கவில்லை என்றால், பட்டாபி ஏமாற்றவில்லை. அவருக்கு உறைக்கவேயில்லை. அவர் வீட்டில் சாப்பாடு வேறு, பிரசாதம் வேறு. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடும் அவர் மனைவி ருக்மிணி காபிக்குச் சர்க்கரை தொடமாட்டாள். ஆனால் பெருமாள் சர்க்கரைப் பொங்கலை ஒரு கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுவாள். அது கணக்கில் வராது. பிரசாதத்தில் உப்பிருக்கிறதா உறைப்பிருக்கிறதா என்று பார்ப்பதே அபசாரம் என்று வளர்ந்தவர் அவர். ஆகவே சனிக்கிழமை மதியம் குழாயடியில் கை கழுவிக்கொண்டு வந்து, மனசாட்சி துளியும் உறுத்தாமல், 'உப்பு: இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார்.

அன்று மாலை மறுபடி எண்ணியபோது மூச்சு முப்பத்தாறு. ஞாயிறு முப்பத்துநாலு. திங்கள் முப்பத்தொன்று. செவ்வாய் இருபத்தாறுக்கு இறங்கியது. அடுத்த வாரமும் அதே கதை.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல சார்" என்றார். பட்டாபி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நீர் மாத்திரையை அரை கூட்டி எழுதிக் கொடுத்த டாக்டர், "யாராவது வாய்க்கு ருசியாப் போடறாங்களான்னும் பாத்துக்குங்க. பிஸ்கட், சிப்ஸ், கருவாடு இப்படி" என்றார்.

"எங்காத்துலே கருவாடா?" என்றார் பட்டாபி.

"சிப்ஸ்?"

பட்டாபி நோட்டை மூடி வாங்கிக்கொண்டார். வீடு திரும்பியதும் ஊஞ்சலில் கிடந்த ரக்ஷாவின் கைப்பை அவர் கண்ணில் பட்டது. வாய் திறந்த ஒரு மிளகாய் சிப்ஸ் பொட்டலம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"பஸ்ல சாப்பிடறதுக்கு வாங்கினதுப்பா."

"சனி, ஞாயிறு நீ ஆத்துல இருக்கே. சனி, ஞாயிறு அதுக்கு மூச்சு ஏறறது. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

"நான் குடுக்கலைப்பா. சத்தியமாக் குடுக்கலை."

"பின்னே காத்து வந்து குடுத்துதா? வாயில்லாத ஜீவனை ஒப்புக்கொண்டா பொறுப்பு வேணும். எங்காத்துலே இப்படி ஒரு அலட்சியம் இருந்ததே கிடையாது. உங்காத்து வழக்கம் எனக்குத் தெரியாது."

ரக்ஷாவின் கண் நிறைந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். அடுப்படியிலிருந்து ருக்மிணி, "ஏன்னா, அவ அப்பா அம்மாவை எதுக்கு இழுக்கறேள்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் ரக்ஷா ஆபீசிலிருந்து வந்தவுடன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நாயைத் தொட்டாள். அதை அவர் பார்த்தார். சொன்னது உறைத்திருக்கிறது என்று திருப்தியும் பட்டார்.

புரட்டாசி பிறந்தது. புரட்டாசி சனிக்கிழமை என்றால் கோயிலில் கூட்டம் தாங்காது. கட்டளைக்காரர்களுக்குப் பட்டையும் பெரிது. இரண்டாவது சனிக்கிழமை பட்டாபி குழந்தை இளைத்துப்போயிருக்கிறதே என்று, உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தார். ஞாயிற்றுக்கிழமையும்.

திங்கள் விடிந்தபோது நியூட்ரான் படுக்கவில்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்தால் மூச்சு முட்டியது போலும், மறுபடி எழுந்தது. தூங்காத நாயை எண்ணக்கூடாது என்று தெரிந்தும் பட்டாபி எண்ணினார். ஐம்பத்தெட்டு. நாய் அவரைப் பார்த்தது. பிறகு, பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோலச் சுவரைப் பார்த்தது.

"சாலமோனைக் கூப்பிடு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டியது. நியூட்ரான் ஜன்னல் காற்றுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு ரக்ஷாவின் மடியில் நின்றே வந்தது. சாலமோன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பயப்படாத பாப்பா, நான் குலுங்காம ஓட்றேன். பள்ளம் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். நிஜமாகவே குலுங்காமல் ஓட்டினான்.

டாக்டர் ஊசி போட்டார், பிராணவாயு வைத்தார், ரத்தம் எடுத்தார். ஒரு மணி நேரத்தில் நாய் இரண்டு தடவை சிறுநீர் கழித்துவிட்டு, கூண்டுக்குள் தலையைச் சாய்த்துப் படுத்தது. அப்புறம்தான் அவர்களை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தில், அதிலிருந்த எண்களைக் கட்டம்போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்திருந்தார். மலையும் பள்ளமுமாக ஐந்து சிகரம்.

"நேராவே பேசிடறேன். ரத்தத்துல யூரியா ஏறியிருக்கு. நீர் மாத்திரை சிறுநீரகத்தை வாட்டுது. ஆனா அந்த மாத்திரையையும் மீறித் தண்ணி சேருது. சாப்பாடு சுத்தமா இருந்து, மாத்திரையும் ஒழுங்கா விழுந்து, அப்பவும் இப்படின்னா, இதயம் மூணாம் படிக்குப் போயிடுச்சுன்னுதான் எடுத்துக்கணும். அப்படின்னா மாத்திரையை ரெட்டிப்பாக்கணும். சிறுநீரகம் ரொம்ப நாள் தாங்காது."

"ரொம்ப நாள்னா?" என்றாள் ரக்ஷா.

"வாரக் கணக்கு. தீபாவளி பார்த்தா அதிர்ஷ்டம்."

ரக்ஷா கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஆனா ஒண்ணு எனக்கு ஒத்துவரல" என்று டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சு வாரம். அஞ்சு வாரமும் சனிக்கிழமை ஏறியிருக்கு, முன்னாடி நாலு வாரமும் செவ்வாய்க்கிழமை இறங்கியிருக்கு. இதயத்துக்குக் கிழமை தெரியாது சார். சனிக்கிழமை உங்க வீட்ல என்ன நடக்கும்?"

பட்டாபியின் காதில் அந்தக் கேள்வி விழுந்ததும், இத்தனை நாளாக அவர் மனசில் தனித்தனியாக இருந்த இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சனிக்கிழமை. பாதாம் இலை. புளிக்காய்ச்சலில் மடைப்பள்ளிக்காரர் கை நிறைய அள்ளிப்போடும் கல்லுப்பு.

அவர் வாயைத் திறப்பதற்குள் ரக்ஷா பேசிவிட்டாள்.

"நான்தான் டாக்டர். சனிக்கிழமை நான்தான் ஆத்துல இருப்பேன். நான் சாப்பிடும்போது கீழே சிந்தியிருக்கும். ஒண்ணு ரெண்டு சிப்ஸ். அவன் எடுத்திருப்பான். நான் பார்க்காம இருந்திருப்பேன்."

அவள் அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டு மூன்று வாரமாகிறது. அதற்கப்புறம் வீட்டில் அவள் ஒரு முறுக்குகூடக் கடிக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். தன்மேல் பழி வந்தாலாவது நாய்க்கு நாள் கூடாதா என்று அந்தப் பெண் தவிக்கிறாள். அதுவும் தெரிந்தது.

டாக்டர் தலையசைத்தார். "ஒண்ணு ரெண்டு சிப்ஸால இவ்வளவு ஏறாதும்மா. அதுதான் காரணம்னா எனக்குச் சந்தோஷம். ஆனா பத்தாது. அப்ப இது இதயம்தான். நான் மாத்திரையை ரெட்டிப்பாக்கறேன்." பேனாவை எடுத்தார்.

சும்மா இருந்துவிடலாம். இனிமேல் உருண்டையை நிறுத்திவிட்டால் போயிற்று. யாருக்கும் தெரியவேண்டியதில்லை. நாலு தலைமுறைக் கட்டளைக்காரன், ஊருக்கே கேட்கும்படி சட்டம் போட்டவன், பெருமாள் பிரசாதத்தைக் குழாயடியில் நாய்க்கு வைத்தான் என்று தெருவில் யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பேனா இப்போது எழுதப்போகும் மாத்திரை ஒரு பொய்யான பத்திரத்தை நம்பி எழுதப்படுவது. அந்தப் பத்திரத்தில் வரிக்கு வரி ஒப்பம் இட்டவர் அவர். கூண்டுக்குள் படுத்திருப்பவன் அதற்கு விலை கொடுக்கப்போகிறான்.

"கொஞ்சம் நிறுத்துங்கோ" என்றார். "அந்த நோட்டைக் குடுங்கோ."

சட்டைப் பையிலிருந்து மசிப் பேனாவை எடுத்தார். முதல் சனிக்கிழமை வரியில் 'இல்லை' என்பதன்மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருக்கும் எழுத்து படிக்கும்படியாக அடித்தார். மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: 'புளியோதரை, உருண்டை ஒன்று.' பக்கத்தில் சுருக்கொப்பம். ஞாயிறு. திங்கள். பக்கத்தைத் திருப்பினார். டாக்டரும் ரக்ஷாவும் என்ன நடக்கிறதென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் பேனாவின் கீறல் மட்டும் கேட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில், பத்திரங்களில் எழுதி எழுதிப் பழகிய அதே வாசகத்தை எழுதினார். 'மேற்படி அடித்தல் திருத்தல் பதினான்கு. அனைத்தும் என்னால் செய்யப்பட்டவை.' முழுக் கையெழுத்தும் போட்டு, தேதியிட்டு, மசி காய ஊதிவிட்டு டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"கோயில் புளியோதரையா?"

"ஆமாம்."

"உருண்டைன்னா எவ்வளவு சார்?"

பட்டாபி வலது கையைக் குவித்துக் காட்டினார். ஒரு சாத்துக்குடி அளவு. கொஞ்சம் யோசித்து, உண்மையாக இருக்கவேண்டுமென்று, கையை இன்னும் சற்று விரித்தார். "புரட்டாசியிலே இவ்வளவு."

"ஆறு கிலோ நாய்க்கு!" டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் கைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கசிந்தது. "சார், நீங்க நியாயமா இதுக்கு வருத்தப்படணும். ஆனா இந்தக் காலையில எனக்குக் கிடைச்ச நல்ல சேதி இதுதான். அப்ப இதயம் மாத்திரைக்குக் கேக்குது. உப்புதான் அதைத் தோற்கடிக்குது. முன்னாடி எல்லாம் தாங்கினான், இப்ப தாங்கல, அவ்வளவுதான். இவன் ரெண்டாம் படியிலதான் இருக்கான்." பேனாவை மூடி வைத்தார். "தண்ணி வடிஞ்சதும் மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைக்கறேன். சிறுநீரகமும் தேறிடும். உப்பு சுத்தமா நின்னா வாரக் கணக்கு வேண்டாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்னு பேசலாம். அதுக்கு மேல பெருமாள் விட்ட வழி."

"பெருமாளை இதுல இழுக்காதீங்கோ" என்றார் பட்டாபி. "பாவம், அவர் ஒண்ணும் பண்ணலை."

ரக்ஷா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது.

மாலையில் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். எப்போதும் சாலமோனுக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் உட்காருபவர், அன்று பின்னால் ஏறினார். வண்டி ஊரைத் தாண்டியது. அவர் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"அன்னிக்கு உன்னைச் சொன்னது தப்பு. உங்காத்தைச் சொன்னது அதைவிடத் தப்பு. உன் அப்பாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"ஐயோ, அவர்கிட்டே எதுக்குப்பா? அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியாதா? நீ சொல்லலையா?"

"நம்மாத்து விஷயத்தை அங்கே எதுக்குச் சொல்லணும்?"

'நம்மாத்து' என்று அவள் சொன்னது அவர் காதிலேயே நின்றது. கொஞ்ச நேரம் வெளியே வயலைப் பார்த்தார். அறுவடைக்கு இன்னும் நாளிருந்தது.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா! நான் ஒரு நாள் அவனுக்குக் கோயில் சுண்டல் ரெண்டு போட்டேன்னு என்னோட நாலு நாள் பேசாம இருந்தேளே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மடியில் கிடந்த நியூட்ரான் என்னவோ ஏதோவென்று தலையைத் தூக்கிப் பார்த்தது. சாலமோனும் ஸ்டீயரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். "ஐயங்காரே, செம ஆளு நீ! எங்களுக்கெல்லாம் ஒரு தொன்னை குடுக்கறதுக்கு மூக்கால அழுவ. நாய்க்கு மட்டும் உருட்டி உருட்டி ஊட்டிக்கினு இருந்தியா?"

முதல் தடவையாக அவன் 'ஐயங்காரே' என்று சொன்னான். பட்டாபி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

வீட்டில் ருக்மிணி சிரிக்கவில்லை. முழுக்கதையையும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ரெண்டாவது தடவை ஒரு கரண்டி கேட்டா, எல்லாருக்கும் குடுக்கணும்னு எனக்குச் சட்டம் பேசுவேள். பட்டை ஏன் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ளே பாதியாறதுன்னு நான் எறும்பைச் சந்தேகப்பட்டு மருந்துப் பொடி தூவிண்டிருந்தேன்! எறும்பா, நீங்களா?" என்று ஆரம்பித்தவள், இரண்டு நாள் அதை விடவில்லை. பட்டாபி பதில் பேசாமல் வாங்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி வாங்கிக்கொண்டது அதுவே முதல் முறை.

சாலமோன் வாயில் எதுவும் தங்காது. வெள்ளிக்கிழமைக்குள் டாக்சி ஸ்டாண்டிலிருந்து சன்னிதித் தெரு முழுக்கச் சேதி பரவியிருந்தது. சனிக்கிழமை கோயிலில் இவர் தீர்த்தத்துக்குக் கை நீட்டியபோது, எதிர்வீட்டு சுப்புராமன் பின்னாலிருந்து, "பட்டாபி, அகத்துல இன்னொருத்தர் காத்துண்டிருப்பாரே, அவருக்கும் சேர்த்து வாங்கிக்கோ" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பட்டாபி தீர்த்தத்தை உறிஞ்சி, கையைத் தலையில் தடவிக்கொண்டு, திரும்பி நின்றார்.

"அவனுக்கு உடம்பு சரியில்லை. உப்பு ஆகாது. தேறினப்புறமும் ஆகாது" என்றார். "நன்னா இருந்தப்போ ரெண்டு வருஷம் நான்தான் குடுத்தேன். யாருக்கு என்ன?"

யாருக்கும் ஒன்றுமில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் பட்டையை வாங்கினார். தெருமுனையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சாலமோனிடம் பாதியை அப்படியே பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

மதியம் அவர் சாப்பிட்டு எழுந்தபோது நியூட்ரான் வழக்கம்போல எழுந்து கொல்லைப்புறக் கதவுவரை போய் நின்றது. திரும்பிப் பார்த்தது. அவரும் கதவுவரை போனார். குனிவதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முழங்காலை மடித்து, தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தடியைச் சொறிந்துவிட்டார். "இல்லைடா குழந்தே. இனிமே கிடையாது" என்றார். இந்தத் தடவை கூடத்திலிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. நாய் கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. பிறகு பெருமூச்சு விட்டு, அவர் வேட்டி ஓரத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

எழுந்தால் விழித்துவிடுமென்று அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ரக்ஷா சத்தமில்லாமல் கடிகாரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அந்த வெள்ளை நெஞ்சைப் பார்த்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணினார்கள். நிமிஷம் முடிந்தது.

"இருபத்தாறு" என்றார் பட்டாபி.

"இருபத்தஞ்சுப்பா."

"நடுவுல ஒரு சின்ன மூச்சு விட்டுதே, அதை விட்டுட்டே நீ."

"அது மூச்சு இல்லை, காது அசைஞ்சுது."

"ஷ்ஷ். எழுப்பிடாதே. மறுபடி எண்ணு."